ஒரு நல்ல மாடல் கார்: நீங்களே கட்டுவதா, முடித்ததை வாங்குவதா, கைதேர்ந்தவரிடம் கொடுப்பதா?

மாடல் கார் பிடித்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சின்னச் சின்னதாகச் சேர்த்தது போதும். இனி ஒன்றே ஒன்று. ஆனால் பானெட்டைத் திறந்தால் எஞ்சினில் ஓடும் ஒயர்கூடச் சரியாக இருக்க வேண்டும். எந்த வழியில் போகலாம்?" ஒரே காரை 1/24 (உண்மையான காரின் அளவில் 24-ல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் கிட்டாகக் கட்டலாம். 1/12 உலோகக் கிட்டாகக் கட்டலாம். 1/18-ல் முடித்த டைகாஸ்ட்டாக (அச்சில் வார்த்த உலோக மாடலாக) வாங்கலாம். 1/8-ல் பட்டறைத் தயாரிப்பாக வாங்கலாம். அல்லது இதையே தொழிலாகச் செய்யும் ஒரு மாஸ்டர் பில்டரிடம் ஆர்டர் கொடுக்கலாம். விலையை மட்டும் பார்த்தால் இந்த வழிகளுக்குள் நூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம் வரும். விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்தவர்கள்தான் பெரும்பாலும் இரண்டு வருடம் கழித்து மறுபடி தேட ஆரம்பிக்கிறார்கள்.

## ஒப்பிட ஒரு கார்

பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது. அதனால் ஃபெராரி 250 ஜிடிஓவை எடுத்துக்கொள்கிறேன். 1962 முதல் 1964 வரை மொத்தம் 36 கார்கள்தான் வந்தன. 3 லிட்டர் வி12 எஞ்சின், அதன்மேல் ஆறு வெபர் கார்புரேட்டர்கள், மூக்கில் மூன்று அரைவட்டக் காற்றுத் துளைகள், போரானி கம்பிச் சக்கரங்கள். 1962 லே மான் பந்தயத்தில் ஒட்டுமொத்தமாக இரண்டாமிடம் பிடித்த கார் இது.

இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் புகழ் அல்ல. இதன் உடலை மோடெனாவின் ஸ்காலியெட்டி பட்டறையில் அலுமினியத் தகட்டைக் கையால் தட்டிச் செய்தார்கள். ஒரு காருக்கும் இன்னொன்றுக்கும் வளைவு அப்படியே ஒத்துப்போகாது. ஒரே காரில்கூட இடமும் வலமும் முழுக்க ஒன்றல்ல. ஆகவே "250 ஜிடிஓ மாடல்" என்றதும் அடுத்த கேள்வி, "36-ல் எது?" என்பதாகவே இருக்க வேண்டும். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் மாடலுக்கும், சொல்லாமல் பொதுவாக ஒரு ஜிடிஓவைக் காட்டும் மாடலுக்கும் உள்ள தூரம் பெரிது.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் ஒன்றை ஒதுக்கிவிடலாம். "1,500 பாகங்கள்", "2,000 பாகங்கள்" என்று பெட்டியில் போடுவார்கள். பாக எண்ணிக்கை தரத்துக்குச் சான்று அல்ல. திருகையும் சேர்த்து எண்ணினால் எண்ணிக்கை எளிதாக ஏறிவிடும். நான் பார்ப்பது வேறு ஐந்து.

மெல்லிசு. என் பார்வையில் இதுதான் முதல் அளவுகோல். ஜிடிஓவின் உடல் தகடு ஏறக்குறைய 1 மி.மீ. 1/24-ல் அது 0.04 மி.மீ. ஆக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கிட்டின் உடலோ சுமார் 1 மி.மீ. தடிமன். அதாவது, உண்மையான காரில் 24 மி.மீ. தடிமனான தகடு இருப்பதற்குச் சமம். கதவின் ஓரத்தையும் சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின் விளிம்பையும் பார்த்தால் இது உடனே தெரியும். பெயின்ட்டும் அப்படித்தான். பிரைமர், நிறம், கிளியர் எல்லாம் சேர்ந்து 0.1 மி.மீ. ஆகிவிட்டால், 1/24 கணக்கில் அது 2.4 மி.மீ. தடிமன் பெயின்ட். கதவு இடுக்கு உண்மையில் 4 மி.மீ. என்றால் மாடலில் 0.17 மி.மீ.; இரண்டு பக்கமும் பெயின்ட் ஏறினால் இடுக்கு அடைந்துபோகும். கைதேர்ந்தவர்கள் பெயின்ட் அடிக்கும் முன்பே இடுக்குகளை ஆழமாகக் கீறிவிடுவதும், சக்கர வளைவை உள்பக்கமிருந்து சுரண்டி விளிம்பை மட்டும் காகிதம் போலாக்குவதும் இதனால்தான்.

பழுது பார்ப்பது. பத்து வருடத்தில் ஒரு கண்ணாடி கழன்று விழும், ஒரு ஒயர் விடுபடும், துடைக்கும்போது ஒரு வைப்பர் உடையும். அன்றைக்கு யார் சரிசெய்வார்? இந்தக் கேள்வியை வாங்கும் முன்பு யாரும் கேட்பதில்லை. வாங்கியபின் தொந்தரவு தருவது இதுதான்.

வயது. சில பொருட்கள் தன்னால் கெடும். மென்மையான வினைல் டயர்களிலிருந்து கசியும் பிளாஸ்டிசைசர் (வினைலை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள்) தான் தொட்டிருக்கும் பிளாஸ்டிக்கையும் பெயின்ட்டையும் கரைக்கும். துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துபோனால் டைகாஸ்ட் வெடித்து உதிரும். ரெசின் (அச்சில் ஊற்றி இறுகவைக்கும் பிளாஸ்டிக்) வெயிலில் வளையும். ஈயம் கலந்த வொயிட் மெட்டல் (எளிதில் உருகும் வெள்ளீயக் கலவை) பாகங்களை ஓக் போன்ற அமில ஆவி விடும் மரப்பெட்டியில் வைத்தால் வெள்ளைப் பூஞ்சை போல அரிக்கும்.

இடமும் நேரமும். ஜிடிஓ ஏறக்குறைய 4.3 மீட்டர் நீளம். 1/24-ல் 18 செ.மீ., 1/18-ல் 24, 1/12-ல் 36, 1/8-ல் 54. கடைசி அளவு, கண்ணாடிப் பெட்டியும் சேர்ந்தால், வீட்டில் ஒரு மேசையையே எடுத்துக்கொள்ளும்.

மொத்தச் செலவு. விலை, கருவி, தபால், சுங்கம் எல்லாம் சேர்த்து. இந்தியாவில் இருப்பவர்களுக்குச் சுங்கம்தான் கையைக் கடிக்கும். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. ஸ்கேல் மாடல்களும் அதே வகைப்பாட்டில்தான் வருகின்றன. தனிநபருக்கு வரும் பார்சல்களுக்குத் தனி வகைப்பாடும் தனி விகிதமும் உண்டு. பட்ஜெட்டில் அவ்வப்போது மாறும். காசு கட்டும் முன்பு கூரியர்காரரிடமே அன்றைய கணக்கைக் கேட்டு வாங்கிவிடுங்கள். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு 2024 முதல் 9 சதவீத ஜிஎஸ்டி மட்டும் என்பதால், கீழே சொல்லும் கணக்குகள் அவர்களுக்கு வேறு மாதிரி சாயும்.

| வழி | அளவு | மெல்லிசு | பழுது பார்ப்பவர் | விலை (கருவி, சுங்கம் நீங்கலாக) | காத்திருப்பு |
|---|---|---|---|---|---|
| பிளாஸ்டிக் கிட் | 1/24 | உங்கள் கையைப் பொறுத்தது | நீங்களே | சில ஆயிரம் ரூபாய் | சில மாதங்கள் |
| பல்பொருள் உலோகக் கிட் | 1/12 | மிக நன்று | நீங்களே | பல பத்தாயிரம் யென் | ஒரு வருடமும் ஆகலாம் |
| பெரிய கிட் | 1/8 | கிட்டைப் பொறுத்தது | நீங்களே | ஒட்டுமொத்தமாக அதிகம் | ஒன்று, இரண்டு வருடம் |
| முடித்த டைகாஸ்ட் | 1/18 | நன்று | பெரும்பாலும் யாருமில்லை | சில நூறு யூரோ | உடனே |
| பட்டறை மாடல் | 1/8 | மிக நன்று | செய்த பட்டறை | பெரும்பாலும் 10,000 டாலருக்கு மேல் | மாதங்கள் |
| மாஸ்டர் பில்டர் | நீங்கள் சொல்வது | ஆளைப் பொறுத்தது | அவரே, அவர் இருக்கும்வரை | மணிக்கணக்கு | ஒன்று முதல் மூன்று வருடம் |

## 1/24 பிளாஸ்டிக் கிட்

ஜிடிஓவை ஜப்பானின் குன்சே சாங்யோ நிறுவனம் 1/24-ல், பிளாஸ்டிக்கோடு உலோகப் பாகங்களும் சேர்த்து, "ஹை-டெக்" வரிசையில் தந்தது. இப்போது பழைய சரக்காகத்தான் கிடைக்கும். முதல் மாடலாக அதைத் தொட வேண்டாம். ஷிசுவோகாவின் தமியா கிட் ஒன்றில், எந்தக் காராக இருந்தாலும் சரி, கை பழகட்டும். பாகம் பாகத்தோடு பொருந்தும் என்ற நம்பிக்கை இருக்கும்போதுதான் பெயின்ட்டைக் கற்றுக்கொள்ள மனம் ஒட்டும்.

கிட் மலிவு, கருவிகள் அப்படியல்ல. ஏர்பிரஷும் கம்ப்ரசரும் 10,000, 15,000 ரூபாயை எளிதாகத் தாண்டும். பின் வைஸ் (கையால் சுழற்றும் சிறு டிரில்), மெல்லிய டிரில் பிட்டுகள், பல தர உப்புத்தாள், பாலிஷிங் காம்பவுண்ட், டெக்கலுக்கான (நீரில் நனைத்து ஒட்டும் எண், சின்னங்களுக்கான) திரவங்கள் என்று வரிசையாக வரும். நல்ல லாக்கர் பெயின்ட்டுகள் தீப்பிடிப்பவை என்பதால் விமானத் தபாலில் அனுப்ப மாட்டார்கள். உள்ளூரில் கிடைப்பதை வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். சென்னை போன்ற ஈரப்பதமான ஊரில் லாக்கர் அடித்தால் மேலே வெண்புகை படிந்தது போல் மங்கும். ஏசி அறையில் அடிப்பதும், மெதுவாக உலரும் தின்னரைக் கலப்பதும், கம்ப்ரசரில் நீர் பிடிக்கும் வடிகட்டி போடுவதும் இங்கே விருப்பம் அல்ல, தேவை.

பாதுகாப்பையும் சொல்லிவிட வேண்டும். கண்ணாடி போல மின்னும் டூ-கே கிளியரில் (இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் மேல்பூச்சில்) ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சுக்குழாயைப் பாதித்து ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. துணி முகமூடியும் சாதாரண தூசி முகமூடியும் அதற்குப் போதாது. சரியான சுவாசக் கருவியும் காற்று வெளியேறும் வசதியும் இல்லாத வீட்டில், குழந்தைகள் இருக்கும் வீட்டில், டூ-கே வேண்டாம். லாக்கர் கிளியரைப் பல மெல்லிய பூச்சாகப் போட்டு, காயவிட்டு, 3,000-க்கு மேற்பட்ட தர மெல்லிய தாள்களால் தேய்த்து, காம்பவுண்டால் மெருகேற்றினாலே போட்டோவில் வித்தியாசம் தெரியாது.

இந்த வழி யாருக்கு? மாடல் செய்யும் நேரத்தையே விரும்புகிறவர்களுக்கு. முதலாவது சுமாராக வந்தாலும் மூன்றாவது நன்றாக வரும் என்று பொறுக்கக்கூடியவர்களுக்கு. ஒரே ஒரு மாடல், அதுவும் முதல் முயற்சியிலேயே காட்சிக்கு வைக்கும்படி, என்று நினைப்பவர்களுக்கு இது சரிப்படாது.

## 1/12 உலோகக் கிட்: கைக்கும் கண்ணுக்கும் நடுவே நல்ல இடம்

ஜப்பானின் மாடல் ஃபேக்டரி ஹிரோ தரும் கிட்டுகளை இந்தத் துறையில் சுருக்கமாக எம்எஃப்எச் என்பார்கள். ஜிடிஓவும் அவர்கள் வரிசையில் உண்டு. பெட்டியைத் திறந்தால் வொயிட் மெட்டல் வார்ப்புகள், ரெசின், கடைந்த அலுமினியம், போட்டோ எட்ச் தகடுகள் (அமிலத்தால் அரித்து வடிவம் எடுத்த மெல்லிய உலோகத் தகடுகள்), ரப்பர் டயர்கள், டெக்கல்கள். வழிகாட்டியில் விளக்கம் குறைவு, படம் அதிகம்.

இந்த அளவில் செய்கிறவரின் திறமை முழுதாகத் தெரியும். ஒரு கம்பிச் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். உண்மையான ஆரக்கம்பி சுமார் 4 மி.மீ. என்றால் 1/24-ல் அது 0.17 மி.மீ. வார்ப்புப் பிளாஸ்டிக்கில் அவ்வளவு மெல்லிசு வராது. அதனால்தான் பிளாஸ்டிக் கம்பிச் சக்கரம் எப்போதும் தடித்துத் தெரிகிறது. போட்டோ எட்ச் தகடு மெல்லிசு தரும், ஆனால் கம்பியின் வெட்டுமுகம் தட்டையாக இருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் பிடிபட்டுவிடும். 1/12-ல் கணக்கு 0.33 மி.மீ. ஆகிறது. இந்த அளவில் உண்மையான துருப்பிடிக்காத எஃகுக் கம்பியையே கோக்க முடியும். விளிம்பையும் நடுக் குடத்தையும் ஒரு ஜிக்கில் (பாகங்களைப் பிடித்து நிறுத்தும் சட்டத்தில்) அசையாமல் நிறுத்த வேண்டும். முதலில் உள்வரிசைக் கம்பிகள், ஒன்றுவிட்டு ஒன்று எதிர்த்திசையில் சாயும்படி. பிறகு வெளிவரிசை, உள்வரிசையைத் தாண்டிக் குறுக்காக. ஒவ்வொரு கம்பியின் முனையிலும் ஊசிமுனையால் ஒரு சொட்டு பசை. ஒரு கம்பி இழுத்துப் பிடித்தாலும் சக்கரம் சுழலும்போது தள்ளாடும். நான்கு சக்கரமும் ஒரு உதிரியும் முடிப்பதற்குள் மாதம் ஓடிவிடும். ஆனால் முடிந்த சக்கரத்தைப் பெட்டியின் வெளியிலிருந்து பார்க்கும்போது, கம்பிகளின் இடைவெளி வழியே பிரேக் தெரியும். அந்த ஆழம் வேறெந்த வழியிலும் இவ்வளவு விலைக்குள் கிடைக்காது.

மறைந்திருக்கும் செலவு இங்கே வேலையில்தான். வொயிட் மெட்டல் வார்ப்பில் இணைப்புக் கோடுகளைத் தேய்க்க வேண்டும், துளைகளைப் புட்டி போட்டு நிரப்ப வேண்டும், உலோகத்துக்கென்றே பிரைமர் அடிக்க வேண்டும். உடலைப் பல தடவை சட்டகத்தின்மேல் வைத்துப் பார்த்து, எடுத்து, தேய்த்து, மறுபடி வைக்க வேண்டும். பெயின்ட் அடித்தபிறகு பொருத்தம் சரியில்லை என்று தெரிந்தால் முதலிலிருந்து வேலை. கண்ணாடிப் பாகங்களை சூப்பர் குளூவால் ஒட்டினால் அதன் ஆவி படிந்து வெளுத்துப்போகும். வெள்ளைப் பசையோ அதற்கான தனிப் பசையோ வேண்டும்.

பழுது பார்ப்பதில் இந்த வழிக்கு ஈடு எதுவும் இல்லை. எந்தக் கம்பி எங்கே போகிறது என்று உங்கள் கைக்குத் தெரியும். அதே பெயின்ட் சீசாவில் மிச்சம் இருக்கும். மூன்று, நான்கு பிளாஸ்டிக் கிட்டுகளைச் சுத்தமாக முடித்தவருக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

## 1/8 பெரிய கிட்டுகள்

இத்தாலியின் டூரினில் பிறந்த போக்கர், 1/8 கிட்டுகளால் பெயர் வாங்கிய நிறுவனம். ஆல்ஃபா ரோமியோ 8சி 2300 மோன்சா, ரோல்ஸ் ராய்ஸ் ஃபாண்டம் 2, மெர்சிடிஸ் 500கே எல்லாம் அதன் பழைய வரிசை. ஜிடிஓ பிடித்தவர்கள் இங்கே முப்பதுகளின் கார்களுக்கு மாற வேண்டியிருக்கும். பழைய போக்கர் கிட் பெட்டியில் இருந்தபடியே சேர்த்தால் சுமாராகத்தான் வரும். பொருத்தம் சரியாக இருக்காது, சில பாகங்கள் வளைந்திருக்கும். ஆனால் மாஸ்டர் பில்டர்களுக்கு அது ஒரு நல்ல எலும்புக்கூடு. பாதியைத் தூக்கி எறிந்துவிட்டுப் பித்தளையிலும் தோலிலும் மறுபடி செய்வார்கள். பின்னாளில் போக்கர் பிரிட்டனின் மாடல் நிறுவனமான ஹார்ன்பியிடம் போனது. ஹார்ன்பி காலத்துப் புதிய கிட்டுகளில் உடல் உலோக வார்ப்பு, பெயின்ட் முன்பே அடித்தது, வேலை பெரும்பாலும் திருகு முடுக்குவது. பெயின்ட் அடிக்க வசதியில்லாத அடுக்குமாடி வீட்டுக்காரருக்கு அது நல்ல வழி.

வாரம் ஒரு இதழாகப் பாகங்கள் வரும் 1/8 கிட்டுகளும் உண்டு. ஒரு வார விலை சின்னதாகத் தெரியும். நூறு வாரத்துக்குப் பெருக்கிப் பார்த்தபிறகு முடிவெடுங்கள். இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: ஈகிள்மாஸ் நிறுவனம் 2022-ல் திவாலானபோது, பல சந்தாதாரர்களின் கார்கள் பாதியிலேயே நின்றன. தொடர் முழுதும் வெளிவந்து முடிந்தபின், மொத்தமாக வாங்குவதே மேல்.

## முடித்து வரும் 1/18 டைகாஸ்ட்

1995-ல் ஜெர்மனியில் தொடங்கிய சிஎம்சி இந்த வகையில் உச்சம். ஜிடிஓவை 1/18-ல் செய்திருக்கிறார்கள். உலோக உடல், தனித்தனிக் கம்பியாகக் கோத்த சக்கரங்கள், ஒயர் ஓடும் எஞ்சின், தோல் பட்டை. வார்ப்பு இயந்திரத்தில் என்றாலும், கோப்பது சீனத் தொழிலாளர்களின் கை. இந்த விலைக்கு இவ்வளவு வேலை கிடைப்பது அவர்களின் உழைப்பால்தான்.

திறந்து மூடும் கதவு, பானெட் எல்லாம் உள்ள மாடலில் கீல்கள் வெளியே தெரியும், இடுக்குகள் கொஞ்சம் பெரிதாகும். உடல் துல்லியமா, உள்ளே எஞ்சின் விவரமா என்ற போட்டியில் இரண்டும் முழுதாகக் கிடைக்காது. பழுது என்றால் சிக்கல். உற்பத்தி நின்றுபோன மாடலுக்கு உதிரி பாகம் தேடுவது பெரும்பாடு. ஒரு வைப்பருக்காக இன்னொரு முழு மாடலை வாங்கியவர்களும் உண்டு. பெட்டியைத் திறந்த அன்றே எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துவைத்து, குறை இருந்தால் அந்த வாரமே கடைக்காரருக்கு எழுதுங்கள். ஒவ்வொரு வருடமும் பெயின்ட்டில் குமிழ் எழும்பியிருக்கிறதா என்று விளக்கைச் சாய்த்துப் பாருங்கள். துத்தநாகக் கலவை வெடித்து உதிரப்போவதன் முதல் அறிகுறி அதுதான்.

மாடல் மட்டும் போதும், அதைச் செய்யும் வேலை வேண்டாம் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு இதைவிட நல்ல பேரம் இல்லை. பரிசு கொடுப்பவருக்கும் இதுவே சரி.

## 1/8 பட்டறை மாடல்

1985-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், கட்டட மாடல் செய்பவர்களாகத் தொடங்கிய அமால்கம், இன்று ஃபெராரி உள்ளிட்ட நிறுவனங்களின் கார்களைச் செய்கிறது. புதிய கார் என்றால் தயாரிப்பாளரின் கணினி வரைபடத்திலிருந்தும், பழைய கார் என்றால் உண்மையான வண்டியை முப்பரிமாண ஸ்கேன் செய்தும் அளவெடுக்கிறார்கள். ஸ்காலியெட்டியின் சுத்தியல் விட்டுச்சென்ற கோணல் வரை அளவில் வந்துவிடுகிறது. இதுதான் இவர்களின் பெரிய பலம். ஒரு 1/8 மாடலைச் செய்து முடிக்க நூற்றுக்கணக்கான மணி நேரம் ஆகிறது.

விலை பெரும்பாலானோருக்கு எட்டாக்கனி. எடுக்க முடிந்தவர்கள் கவனிக்க வேண்டியது ரெசின்: நேரடி வெயிலும் மூடிய காரின் சூடும் அதற்கு ஆகாது. பல மாடல்களில் எதுவும் திறக்காது என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். எஞ்சினைப் பார்க்க ஆசைப்பட்டு, திறக்காத பானெட்டுக்கு லட்சங்கள் கொடுக்க வேண்டியதில்லை.

## மாஸ்டர் பில்டரிடம் ஆர்டர்

இந்த வழிக்கு நீண்ட மரபு உண்டு. இங்கிலாந்தின் ஜெரால்ட் விங்ரோவ் 1/15 அளவில், டூசன்பெர்க் போன்ற கார்களை ஒவ்வொரு பாகமும் தானே செய்து, அருங்காட்சியகங்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் கொடுத்தார். தன் முறைகளை மறைக்காமல் நூல்களாகவும் எழுதினார். அவரிடம் நேரில் கற்காத ஒரு தலைமுறையே அவற்றால் கற்றது. டூரினில் மிகேலே கோன்டி, பார்சிலோனாவில் மனுவேல் ஒலிவே சான்ஸ் போன்றவர்கள் செய்தவை இன்று ஏலங்களில் தனிப் பெயரோடு வருகின்றன.

எல்லா மாஸ்டர்களும் விற்பதற்காகச் செய்வதில்லை. பிரான்ஸின் பியர் ஸ்கெர்ரி, ஃபெராரி 312 பிபி பந்தயக் காரை 1/3 அளவில் செய்ய ஏறக்குறைய 15 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். அதன் 12 சிலிண்டர் எஞ்சின் உண்மையாகவே ஓடுகிறது. அமெரிக்காவின் லூயிஸ் செனோ 1/6-ல் செய்த டூசன்பெர்க்கிலும் எட்டு சிலிண்டர் எஞ்சின் ஓடும். இப்படிப்பட்ட வேலையைப் பணம் கொடுத்து வாங்க முடியாது. அவர்கள் தங்களுக்காகச் செய்துகொண்டது அது. இந்தப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கக் காரணம், உச்சம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஒரு பில்டரின் போட்டோக்களைப் பார்த்து மதிப்பிட முடியும்.

இன்று ஆர்டர் எடுப்பவர்கள் இரண்டு விதம். ஒருவர் எம்எஃப்எச் போன்ற கிட்டை உங்களுக்காகக் கட்டித் தருபவர். இன்னொருவர் கிட்டே இல்லாமல், தகடும் கம்பியும் வைத்து முழுக்கச் செய்பவர். பின்னவருக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம். முன்னவர்தான் நம்மில் பலருக்கும் எட்டக்கூடியவர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1/12 கிட் ஒன்றுக்கு 300 மணி நேரம், மணிக்கு 1,000 ரூபாய் என்று வைத்தால் உழைப்பு மட்டுமே 3 லட்சம். கிட், கூடுதல் பாகங்கள், தபால் தனி. பில்டர் வெளிநாட்டில் இருந்து, 70 சதவீத விகிதத்தில் சுங்கம் விழுந்தால் அந்த உழைப்புக்கு மட்டும் இன்னொரு 2.1 லட்சம், அதன்மேல் மற்ற வரிகள். இந்தக் கணக்கைப் பார்த்தபின் உள்நாட்டில் ஆர்டர் எடுக்கும் நல்ல கையைத் தேடுவது புத்திசாலித்தனம். கிட்டுக்கு மட்டும் சுங்கம் கட்டினால் போதும். பழுது என்றால் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

பில்டரைத் தேர்ந்தெடுக்கும்போது முடிந்த மாடலின் அழகான போட்டோக்களைக் கேட்க வேண்டாம், அவை எல்லாரிடமும் இருக்கும். பெயின்ட் அடிக்கும் முன்பு எடுத்த படங்களைக் கேளுங்கள். பிரைமர் மட்டும் அடித்த உடல், கதவு இடுக்கின் நெருக்கப் படம், சக்கர வளைவின் உள்பக்கம். கெட்ட வேலையைப் பளபளப்பு மறைக்கும், பிரைமர் மறைக்காது. ஐந்து வருடத்துக்கு முன்பு செய்த மாடல் இன்று எப்படி இருக்கிறது என்ற படமும் கேளுங்கள். டெக்கல் மஞ்சளித்திருக்கிறதா, ஒட்டிய இடங்கள் விட்டிருக்கின்றனவா என்று அதில் தெரிந்துவிடும்.

அப்புறம், எந்தக் கார் என்று எழுத்தில் பேசுங்கள். "சிவப்பு ஜிடிஓ" போதாது. பந்தய ஓட்டுநர் ஸ்டிர்லிங் மாஸுக்காக வெளிர் பச்சையில் வந்த 3505 எண் சாசி வேண்டும் என்றால், அந்த எண்ணைச் சொல்லுங்கள், எந்தப் பந்தய நாளின் தோற்றம் என்றும் சொல்லுங்கள். இந்தக் கார்கள் பந்தயத்துக்குப் பந்தயம் விளக்கு, எண், சில சமயம் உடலே மாறியிருக்கின்றன. நிஜக் காரின் படங்களை நீங்களே சேர்த்துக் கொடுத்தால் வேலையும் நன்றாக வரும், பிறகு வாக்குவாதமும் வராது. பணத்தை மூன்று, நான்கு தவணையாக, ஒவ்வொரு கட்டமும் முடிந்த படங்கள் வந்தபின் கொடுப்பது இருவருக்கும் நல்லது. முழுப் பணத்தையும் முதலிலேயே கேட்பவரிடம், அவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், நான் கொடுக்க மாட்டேன்.

இந்த வழி சிறப்பது ஒரே ஒரு சூழ்நிலையில்: நீங்கள் விரும்பும் குறிப்பிட்ட கார் வேறெங்கும் முடித்து விற்கப்படவில்லை, அதைக் கட்டும் கையோ நேரமோ உங்களிடம் இல்லை. அப்பா ஓட்டிய அம்பாசிடரை அதே நிறத்தில், அதே பின்பக்கப் பள்ளத்தோடு செய்ய வேண்டும் என்றால் சிஎம்சியும் அமால்கமும் உதவாது. ஒரு பில்டர்தான் உதவுவார். 250 ஜிடிஓ போன்று எல்லாரும் செய்யும் கார் என்றால், அதே காசில் முதலில் 1/18 டைகாஸ்ட் ஒன்றை வாங்கி ஒரு வருடம் பாருங்கள். அதில் எந்தக் குறை உங்களை உறுத்துகிறது என்று தெரிந்தபின், பில்டரிடம் என்ன கேட்பது என்பது தானே தெளிவாகும்.

ஆர்டர் முடியும்போது மூன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: மிச்சமுள்ள பெயின்ட் அல்லது அதன் கலவைக் குறிப்பு, ஒட்டாமல் மீந்த பாகங்கள், எந்த இடத்தில் எந்தப் பசை என்ற ஒரு பக்கக் குறிப்பு. அவர் இல்லாத காலத்தில் வேறு ஒருவர் பழுது பார்க்க இது போதும். அனுப்பும்போது மாடல் அடிப்பலகையில் திருகி நின்றிருக்க வேண்டும், சக்கரங்களின்மேல் எடை விழக்கூடாது, உடலைச் சுற்றி எதுவும் தொடாமல் உள்பெட்டி, அதைச் சுற்றி நுரை, அப்புறம் வெளிப்பெட்டி. திருகாமல் பஞ்சில் சுற்றி அனுப்புகிறேன் என்றால், நேரில் போய் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிடுங்கள்.